கரிநெருப்பும் சேவலும்: செம்புத் தகட்டில் ஒரு ட்ரைபாயிண்ட்

ஒவ்வொரு வருடமும் பெரிய வியாழனுக்குள், அதாவது ஈஸ்டருக்கு முந்தின வியாழனுக்குள், பன்னிரண்டு அச்சு எடுத்து வேண்டியவர்களுக்குக் கொடுப்பது என் வழக்கம். பன்னிரண்டு என்றதும் சீடர் கணக்கு என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியெல்லாம் இல்லை. என் தகடு அதற்கு மேல் தாங்காது, அவ்வளவுதான்.

நான் பாளையங்கோட்டையில் பள்ளிக்கூட டிராயிங் டீச்சர். ட்ரைபாயிண்ட், அதாவது உலோகத் தகட்டில் ஊசியால் படத்தைக் கீறி, மை தடவித் தாளில் அச்சு எடுக்கும் வேலை, செய்ய ஆரம்பித்துப் பதினோரு வருடம் ஆகிறது. இங்கே சொல்வது கல்லூரிப் பாடம் அல்ல. ஒரே ஒரு படத்தை, இயேசு பிடிபட்டபின் அவருடைய சீடர் பேதுரு, சேவல் கூவுமுன், கரிநெருப்புப் பக்கத்தில் இருந்துகொண்டு வேலைக்காரியிடம் "அவரை எனக்குத் தெரியாது" என்று சொல்லும் இரவை, தகட்டிலிருந்து தாளுக்கு எப்படிக் கொண்டுவந்தேன் என்பதுதான். நீங்கள் வேறு காட்சியை எடுத்துக்கொண்டாலும் வேலை இதேதான்.

முதலில் பிசிறைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது புரியாமல் ஊசியைக் கையில் எடுத்துப் பிரயோஜனம் இல்லை. எச்சிங்கில் அமிலம் கோட்டை அரிக்கும். என்கிரேவிங்கில் உளி செம்பைச் சுருள் சுருளாக வெட்டி வெளியே எடுத்துவிடும். ட்ரைபாயிண்டில் இரண்டும் கிடையாது. கூரான ஊசியால் தகட்டை அழுத்திக் கீறுகிறோம். செம்பு எங்கும் போகாது. ஏர் உழும்போது சாலுக்குப் பக்கத்தில் மண் புரண்டு நிற்பதுபோல, கோட்டின் ஓரத்தில் ஒதுங்கி நிற்கும். அதுதான் பிசிறு. கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. ஒரு பஞ்சைத் தகட்டின்மேல் மெதுவாக இழுத்துப் பாருங்கள், இழை மாட்டிக்கொள்ளும். மை சாலுக்குள் தங்குவதைவிட இந்தப் பிசிறின் அடியில்தான் அதிகம் தங்கும். அதனால்தான் ட்ரைபாயிண்ட் கோடு மற்ற கோடுகள் மாதிரி நறுக்கென்று இல்லாமல் ஓரம் கசிந்து, வெல்வெட் மாதிரி கறுப்பாக விழுகிறது.

கஷ்டமும் இந்தப் பிசிறால்தான். பிரஸ் ஒவ்வொரு தடவையும் அதைக் கொஞ்சம் நசுக்கும். மை துடைக்கும் துணி கொஞ்சம் தேய்க்கும். பத்துப் பன்னிரண்டு அச்சுக்குப் பிறகு கறுப்பு சாம்பலாகிவிடும். ஆகவே இருட்டு வேண்டிய படமாகத் தேர்ந்தெடுங்கள். அதிலும் இருட்டை எங்கே செலவழிப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது டச்சு ஓவியர் ரெம்பிராண்டின் "மூன்று சிலுவைகள்". 1653இல் ஆம்ஸ்டர்டாமில் செய்தது. உயரம் ஏறக்குறைய 38 சென்டிமீட்டர், அகலம் 45. பெரிய தகடு. அமிலம் தொடாமல், ட்ரைபாயிண்ட் ஊசியும் உளியும் மட்டும் வைத்துச் செய்திருக்கிறார். முதல் நிலை அச்சில், அதாவது தகட்டில் பிறகு மாற்றம் செய்வதற்கு முன் எடுத்ததில், மேலிருந்து ஒரு கூம்பு மாதிரி வெளிச்சம் இறங்குகிறது. அந்த வெளிச்சத்தை அவர் வரையவே இல்லை என்பதைக் கவனியுங்கள். சுற்றிலும் இருட்டைக் கீறிவிட்டு நடுவில் தகட்டைச் சும்மா விட்டிருக்கிறார். சிலவற்றைத் தாளுக்குப் பதில் வெலம் (vellum) என்ற பதப்படுத்திய தோலில் அச்சிட்டார். தோல் மையை உறிஞ்சாது என்பதால் கோடுகள் இன்னும் கசிந்து நிற்கும்.

சில வருடம் கழித்து அதே தகட்டை எடுத்து, ஆட்களைச் சுரண்டி எடுத்துவிட்டு, மேலிருந்து கீழாக மழை மாதிரி கோடு இழுத்து முக்கால்வாசியை இருட்டாக்கிவிட்டார். தேய்ந்துபோன தகட்டை வைத்துப் பழைய படத்தையே ஒட்டுப்போடாமல், வேறு படமாகவே ஆக்கிவிட்டார். இதற்குக் கடைசியில் மறுபடி வருகிறேன்.

காட்சியைப் பிடிப்பது

வேதத்தைத் திறந்து, ஒரே சம்பவத்தை எத்தனை சுவிசேஷத்தில் சொல்லியிருக்கிறதோ அத்தனையும் வாசியுங்கள். படம் வரைகிறவருக்கு இது பக்திக்காக மட்டும் அல்ல. லூக்கா 22இல் பேதுரு முற்றத்து நெருப்பைச் சுற்றி இருந்தவர்களோடு உட்கார்ந்திருக்கிறார். யோவான் 18இல் நின்றுகொண்டு குளிர்காய்கிறார். உட்கார்ந்தவரை வரைவதா, நின்றவரை வரைவதா? படத்தின் அமைப்பே மாறிவிடும். யோவானில்தான் "கரிநெருப்பு" என்ற வார்த்தை வருகிறது. இயேசு திரும்பிப் பேதுருவைப் பார்ப்பது லூக்காவில் மட்டும்.

ரெம்பிராண்ட் இதே காட்சியை 1660இல் எண்ணெய் ஓவியமாகத் தீட்டியிருக்கிறார். ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் மியூசியத்தில் இருக்கிறது. வேலைக்காரி ஒரு மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு, சுடரைக் கையால் மறைத்து, பேதுருவின் முகத்துக்கு நேரே வெளிச்சம் காட்டுகிறாள். அழகான யோசனை. ஆனால் எனக்குக் கரிநெருப்பு வேண்டும். கரிநெருப்பு சுடர் விட்டு எரியாது. கீழே கிடந்து கனலும். வெளிச்சம் தாடைக்கும் மூக்குக்கும் அடியிலிருந்து வரும். பழக்கமில்லாத பக்கத்திலிருந்து வெளிச்சம் விழுந்தால் தெரிந்த முகமே அந்நியமாக இருக்கும். தெரியாது என்று சொல்லுகிறவருக்கு அந்த முகம் பொருந்தும் என்று தோன்றியது. வீட்டில் ஒரு மண்சட்டியில் கரி போட்டு, விளக்கை அணைத்துவிட்டு, என் தம்பியை உட்காரவைத்து நாலு ஸ்கெட்ச் எடுத்தேன். கண்ணுக்குழி முழுக்க இருட்டு. நெற்றியில் பாதிதான் தெரிந்தது.

நான் யோவானையும் லூக்காவையும் கலந்துவிட்டேன். லூக்காவின்படி உட்கார்ந்த பேதுரு, யோவானின் கரி, விரல் நீட்டும் வேலைக்காரி, பின்னால் தூரத்தில் திரும்பிப் பார்க்கும் இயேசுவின் சின்ன உருவம், மதில்மேல் சேவல்.

இடம் வலம் மாறும்

தகட்டில் வலது பக்கம் கீறியது தாளில் இடது பக்கம் வரும். இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எனக்கும் தெரியும். தெரிந்திருந்தும் என் முதல் படத்தில் மாட்டிக்கொண்டேன். கெத்செமனே தோட்டம், பேதுரு பட்டயத்தை, அதாவது வாளை, ஓங்கி, இயேசுவைப் பிடிக்க வந்த மல்குஸின் காதை வெட்டிய பிறகு, இயேசு அந்தக் காதைத் தொடுகிறார். அச்சு நன்றாகவே வந்திருந்தது. எங்கள் சபை உபதேசியாருக்கு ஒன்று கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"நல்லாருக்கு டீச்சர். ஆனா வசனத்துல வலது காதுன்னுல்லா இருக்கு."

லூக்காவும் யோவானும் இரண்டு பேரும் வலது காது என்று தெளிவாக எழுதியிருக்கிறார்கள். என் மல்குஸுக்கு இடது காதில் கை இருந்தது. பேதுரு வேறு பட்டயத்தை இடது கையில் பிடித்திருந்தார்.

அதற்கு வழி சுலபம். ட்ரேசிங் தாளில் 6பி பென்சிலால் படத்தை நேராக வரையுங்கள். வரைந்த பக்கம் தகட்டைப் பார்க்கும்படி கவிழ்த்துப் போட்டு, பின்பக்கத்தை ஒரு ஸ்பூனின் முதுகால் அழுத்தித் தேய்த்தால் பென்சில் தடம் தகட்டில் இறங்கிவிடும். தகட்டில் இடம் வலம் மாறி இருக்கும், தாளில் நேராக வரும். பென்சில் தடம் அழிந்துபோகும் என்று பயந்தால், மார்க்கர் பேனாவால் முக்கியமான கோடுகளுக்கு மேல் ஒருமுறை போய்விடுங்கள். நடுநடுவே தகட்டை ஒரு கண்ணாடி முன்னால் காட்டிப் பாருங்கள்; கை, காது, பட்டயம் எல்லாம் அங்கேயே தெரிந்துவிடும்.

தகடு

செம்புத் தகடு வாங்கப் பெரிய இடத்துக்குப் போக வேண்டாம். பாத்திரப் பட்டறைக்குத் தகடு சப்ளை செய்யும் கடையில் எடைக்குத் தருவார்கள். 20 கேஜ் என்று கேளுங்கள், ஏறக்குறைய 0.9 மில்லிமீட்டர் கனம். நான் எடுப்பது 15க்கு 20 சென்டிமீட்டர். ஒன்று கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக நிற்கும். தகட்டில் கீறல் இல்லாத பக்கத்தைப் பார்த்து எடுங்கள், உருட்டியோ மடக்கியோ தரவிடாதீர்கள்.

செம்பு வேண்டாம் என்றால் ஆக்ரிலிக் ஷீட் இருக்கிறது. அடியில் படத்தை வைத்து மேலேயே கீறலாம், விலையும் குறைவு, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க அதுதான் சரி. ஆனால் அதில் பிசிறு பொடிந்து சீக்கிரம் உதிர்ந்துவிடும், தப்பாகக் கீறியதை அழிப்பதும் கஷ்டம். மூன்று நான்கு அச்சு போதுமென்றால் எடுத்துக்கொள்ளுங்கள்.

நாலு விளிம்பையும் அரத்தால் 45 டிகிரி சாய்வாக ராவி, மூலையை உருட்டி, நைசான உப்புத்தாளால் தேய்த்துவிட வேண்டும். இதைச் சோம்பேறித்தனத்தால் விட்டால் விளிம்பு தாளை வெட்டும், அப்புறம் பிரஸ்ஸின் கம்பளியையும் வெட்டும். கம்பளி தாளைவிட விலை அதிகம்.

கீறுவது

ஊசிக்கு, லேத் பட்டறையில் இரும்பில் குறி போடுவார்களே, கார்பைட் முனை வைத்த ஸ்கிரைபர், அது போதும். டூல்ஸ் கடையில் கிடைக்கும். பேனா பிடிப்பதுபோலப் பிடியுங்கள். நேர் செங்குத்தாகப் பிடித்தால் பிசிறு இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக எழும். சாய்த்து, சுமார் 60 டிகிரியில் பிடித்தால் ஒரே பக்கம் நன்றாக எழும். ரொம்பச் சாய்த்தால் எழும் பிசிறு மெல்லிசாகி, முதல் துடைப்பிலேயே ஒடிந்துபோகும்.

பேதுருவின் மேலங்கியை எடுத்துக்கொள்ளுங்கள். நெருப்புக்கு எதிர்ப்பக்கம், முதுகு, முழு இருட்டு. அங்கே ஒரே திசையில் நெருக்கமாகக் கோடு போட்டேன். முதல் வரிசை முடிந்ததும் கை தானாகக் குறுக்கே கட்டம் போடப் போகும். போடாதீர்கள். இரண்டாவது வரிசை முதல் வரிசையின் பிசிறை அறுத்துக்கொண்டு போகும். நீங்களே எழுப்பியதை நீங்களே வெட்டுகிறீர்கள். இருட்டு பத்தவில்லையா, அதே திசையில் கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவில் இன்னொரு கோடு போடுங்கள், கொஞ்சம் ஆழமாக. அதிலும் அளவு உண்டு. கோடுகள் ஒட்டிக்கொண்டால் பிசிறெல்லாம் சேர்ந்து விழுந்து, மை பிடிக்காத வழவழப்பான பள்ளமாகிவிடும்; அச்சில் நட்ட நடு இருட்டில் ஒரு வெளுப்பு தெரியும். என் சேவலின் மார்பு அப்படித்தான் போனது.

முகத்தில் நேர்மாறு. லேசாக, நாலைந்து கோடு. கூர்மையான மெல்லிய கோடு வேண்டுமென்றால் கீறிய பின் சுரண்டியால் பிசிறை மட்டும் சீவிவிடலாம். சால் மட்டும் நின்று கோடு சுத்தமாக விழும். வேலைக்காரி நீட்டும் விரலை அப்படிச் செய்தேன். வெல்வெட் மாதிரி முதுகும் நறுக்கென்ற விரலும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் படத்தில் பேச்சுக் கேட்கும்.

நெருப்பு? அதைத் தொடவே கூடாது. கரித்துண்டுகளை மட்டும் கீழ் ஓரத்தில் குட்டையான ஆழக் கோடுகளாகப் போட்டுவிட்டு, அதற்கு மேலே உள்ளங்கையளவு இடத்தைச் செம்பாகவே விட்டேன். தெரியாமல் ஊசி அங்கே சறுக்கினால், பத்தர் மெருகு தேய்க்க வைத்திருப்பாரே, வழுவழுப்பான உருக்குக் கோல், அதில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுத் தேய்த்தால் மெல்லிய கீறல் மறைந்துவிடும். நடுநடுவே எவ்வளவு கறுத்திருக்கிறது என்று பார்க்க, விரலால் கொஞ்சம் மையை லேசாகத் தடவித் துடைத்துப் பார்க்கலாம். அடிக்கடி செய்யாதீர்கள், ஒவ்வொரு தடவலும் பிசிறுக்கு ஒரு செலவு.

மை, தாள், பிரஸ்

எச்சிங் மை ஆன்லைனில் வாங்குகிறேன். ஒரு வருடம் மை தீர்ந்துபோய், சிவகாசியிலிருந்து வந்த ஆஃப்செட் கறுப்பை வைத்து ஒப்பேற்றினேன். விழுந்தது, ஆனால் பிசுபிசுப்பு அதிகம். துடைத்துத் துடைத்துக் கை ஓய்ந்துவிட்டது, பிசிறும் சீக்கிரம் போய்விட்டது. நல்ல மையில் காசு போடுங்கள்.

குளிர் நாட்டுக்காரர்கள் தகட்டைச் சூடாக்கி மை தடவச் சொல்வார்கள். எங்கள் ஊர் மார்ச் மாதத்தில் அது தேவையே இல்லை. மத்தியானத்தில் மை தானாகவே இளகி ஓடும், துடைக்கும்போது சாலுக்குள் இருப்பதும் சேர்ந்து வந்துவிடும். நான் காலை ஆறு மணிக்கு ஆரம்பித்து ஒன்பதுக்குள் முடித்துவிடுவேன்.

முந்தின இரவே தாளைத் தயார் செய்யுங்கள். பருத்திக் கூழில் செய்த, 250 முதல் 300 ஜிஎஸ்எம் தாள். ஹானமுலே, சாமர்செட் கம்பெனித் தாள் இருந்தால் நல்லது. புதுச்சேரிக் கைத்தாளிலும் எடுத்திருக்கிறேன். தட்டுத் தண்ணீரில் அரை மணி ஊறவைத்து, வடித்து, பிளாஸ்டிக் தாளுக்குள் அடுக்கி, மேலே பாரம் வைத்துவிட்டால் காலையில் ஈரம் சமமாகப் பரவியிருக்கும். எடுத்து ஒற்றியபின் தாள் குளிர்ச்சியாக, துவண்டு இருக்க வேண்டும். மேலே தண்ணீர் மினுங்கக் கூடாது.

மையை அட்டைத் துண்டால் இழுத்துத் தடவுவது எச்சிங்கில் சரி. இங்கே அட்டையின் விளிம்பு பிசிறைச் சீவிவிடும். பழைய பருத்தித் துணியை உருட்டிக் கட்டி, அதால் ஒற்றி ஒற்றிச் சின்ன வட்டமாகத் தடவுங்கள். துடைப்பதற்கு டார்லட்டன் துணி என்று விற்கிறார்கள். நான் மருந்துக்கடை பேண்டேஜ் துணிக்கு லேசாகக் கஞ்சி போட்டுக் காயவைத்து, கசக்கிப் பந்தாக்கி வைத்துக்கொள்கிறேன். அழுத்தாமல், மேலாக. முதல் பந்து மையை வாங்கும், இரண்டாவது பந்து தகட்டை வெளுக்கும். எங்கே நிறுத்துவது என்பதுதான் கேள்வி. வானத்தின்மேல் மெல்லிய புகைபோல மை நிற்கும்போதே நிறுத்தினேன். அது அச்சில் இரவுக் காற்றாக வரும். பிறகு காது குடையும் பஞ்சுக்குச்சியால் நெருப்பு இடத்தை மட்டும் பளிச்சென்று துடைத்தேன். சேவலின் கொண்டையில் ஒரு புள்ளி. தகட்டின் சாய்வு விளிம்பையும் துடைக்க மறக்காதீர்கள்.

பிரஸ் இல்லாதவர்கள் ஸ்பூனால் தேய்த்துப் பார்க்கலாமா என்று கேட்பார்கள். மரக்கட்டை அச்சுக்குச் சரி. இதில் தாள் சாலுக்குள் இறங்கி மையை அள்ள வேண்டும், கைபலம் காணாது. என்னிடம் இருப்பது ஒரு லேத் பட்டறையில் சொல்லிச் செய்த சின்ன உருளை பிரஸ். கவின்கலைக் கல்லூரி மாணவர்கள் யாரையாவது தெரிந்தால் கேளுங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாடமி இருக்கிறது. தகடு, அதன்மேல் ஈரத்தாள், அதன்மேல் ஒரு நியூஸ்பிரிண்ட், பிறகு கம்பளி. எச்சிங்குக்கு வைக்கும் அழுத்தத்தைவிட ஒரு சுற்றுக் குறைவாக வைத்து, நிறுத்தாமல் ஒரே சீராக உருட்டுங்கள்.

முதல் அச்சு பெரும்பாலும் மை அப்பிக்கொண்டு கரடுமுரடாக வரும். இரண்டாவது, மூன்றாவதுதான் ராஜா. ஆறு ஏழு வரை கவலையில்லை. பத்தாவதில் பேதுருவின் முதுகு மெலிய ஆரம்பித்தது. பன்னிரண்டோடு நிறுத்தி, இரண்டு அட்டைக்கு நடுவில் ஒரு வாரம் காயவைத்து, இடது கீழே எண், வலது கீழே கையெழுத்து, இரண்டும் பென்சிலில்.

வேலை முடிந்ததும் தகட்டைச் சமையல் எண்ணெய் தொட்ட துணியால் ஒற்றி எடுத்து, மிருதுவான பழைய டூத் பிரஷால் மை போக்கி, பிறகு மெல்லிசாக எண்ணெய் பூசி, தாளில் சுற்றி, வீட்டில் யார் கைக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள். கடைசி வரியை அனுபவத்தில் சொல்கிறேன். ஒரு வருடம் நாலு அச்சு எடுத்துவிட்டு, மீதியை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று தகட்டை அடுப்படி மேடையில் வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போய்விட்டேன். சாயந்திரம் வந்தபோது அத்தை சந்தோஷமாக நின்றார்கள்.

"களிம்பு ஏறிக் கெடந்துச்சும்மா. புளி போட்டுத் தேச்சு வச்சிருக்கேன், பாரு."

கண்ணாடி மாதிரி மின்னியது. பஞ்சை வைத்து இழுத்துப் பார்த்தேன். ஒரு இழை மாட்டவில்லை. அந்த வருடம் நாலு பேருக்குத்தான் கிடைத்தது. அத்தைக்கு இன்றுவரை நான் சொல்லவில்லை.

அதே தகடு, அடுத்த படம்

பிசிறு போன தகட்டைத் தூக்கிப் போடாதீர்கள். சால் இன்னும் இருக்கிறது, சாம்பல் நிறத்தில் அச்சாகும். யோவான் 21இல் மறுபடியும் ஒரு கரிநெருப்பு வருகிறது. இந்தத் தடவை திபேரியா கடற்கரை, விடியற்காலை, மேலே மீன். யோவான் அதே வார்த்தையைத்தான் போட்டிருக்கிறார். விடியலுக்கு எனக்கு வெல்வெட் இருட்டு வேண்டாம். தேய்ந்த சாம்பலே போதும்.

அதனால் இந்த வருடம் பேதுருவின் தகட்டையே எடுத்துவைத்திருக்கிறேன். நெருப்பு இருக்கும் இடத்திலேயே இருக்கிறது. வேலைக்காரியையும் முற்றத்துத் தூண்களையும் சுரண்டியாயிற்று. சுரண்டிய இடம் குழியாகும், குழியில் மை தேங்கும் என்பதால் தகட்டைக் கவிழ்த்துப் பின்பக்கத்திலிருந்து சின்னச் சுத்தியலால் தட்டிச் சமப்படுத்தினேன். பேதுரு உட்கார்ந்தபடியே இருக்கிறார், முகத்தை மட்டும் திருப்ப வேண்டும். கரியின்மேல் இரண்டு மீன், புதுப் பிசிறோடு. மதில் இருந்த இடத்தில் படகு. சேவலை எவ்வளவு மெருகுக்கோல் வைத்துத் தேய்த்தாலும் முழுசாகப் போகவில்லை. சோதனை அச்சில் படகின் பாய்க்குப் பின்னால் அதன் வால் லேசாகத் தெரிகிறது. அப்படியே விட்டுவிட்டேன்.